சாப்பிட்டது வாய்க்குத் திரும்பி வருகிறது: இது அடமும் இல்லை, ஆசிடும் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். போன வருஷம் காய்ச்சலும் வாந்தியுமாக நாலு நாள் கிடந்தான். அது சரியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் வாய்க்குத் திரும்பி வருகிறது. சில நேரம் மறுபடி மென்று விழுங்குகிறான், சில நேரம் ஓடிப்போய்த் துப்புகிறான். ஓங்கரிப்பது இல்லை, வயிறு வலிக்கிறது என்றும் சொல்வதில்லை. ராத்திரி தூங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. 36 கிலோ இருந்தவன் இப்போது 32. ஸ்கேன் எடுத்தோம், எண்டோஸ்கோப்பி பார்த்தோம், எல்லாம் நார்மல். ஏழெட்டு மாதமாக ஆசிட் மாத்திரையும் வாந்தி மாத்திரையும் கொடுக்கிறோம், மாற்றமே இல்லை. மாமியார் சொல்லி, உள்ளே சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்கிற தொக்கம் எடுத்தோம், வர்ம ஆசானிடம் காட்டினோம், நேர்ச்சையும் போட்டோம். அவன் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். வீடியோ காலில், "அடம் பிடிக்கிறான், ரெண்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். பள்ளியில் பிள்ளைகள் "மாடு" என்று கேலி செய்வதால் மதியம் சாப்பிடாமலே வருகிறான். இப்போது ஒரு டாக்டர் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இது மனநோயா? நெட்டில் தேடினால் அனோரெக்சியா என்று வருகிறது. என் பிள்ளைக்கு அதுதானா? நான் வளர்த்ததில் ஏதும் பிழையா? யாரிடம் போக வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓங்கரிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்ட பத்து நிமிஷத்துக்குள் வருகிறது என்கிறீர்கள். தூக்கத்தில் வருவதே இல்லை என்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்து, எண்டோஸ்கோப்பியும் சரியாக இருந்தால், என்னைப் போன்ற குழந்தைகள் மனநல மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரூமினேஷன் கோளாறு. விழுங்கிய உணவு தானாக மேலே வந்து, பிள்ளை அதை மறுபடி மெல்வதோ விழுங்குவதோ துப்புவதோதான் அது. பையனை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்வது சரியில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதுவாக இருந்தால் சரிசெய்ய முடியும், அதுவும் பெரும்பாலும் மருந்து இல்லாமலே. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நாம் சாப்பிடும்போது இரைப்பை விரிந்து கொடுக்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது, உணவு மேலே ஏறாமல் அது மூடி வைத்திருக்கும். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றுச் சுவரின் தசைகள் சட்டென்று இறுகுகின்றன, அதே நேரத்தில் அந்த வளையம் தளர்ந்துவிடுகிறது. தண்ணீர் நிறைந்த பாக்கெட்டின் முனையைக் கடித்துவிட்டு நடுவில் அமுக்கினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும் நடக்கிறது. உணவுக்குழாயில் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தால், அந்த நொடியில் இரைப்பையின் அழுத்தம் பாதரச அளவில் 25, 30 மில்லிமீட்டரைத் தாண்டி ஏறுவது தெரியும். அப்படி இறுக்குவது அவனுடைய தசைதான், ஆனால் இறுக்குகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், "அதுவா வருதும்மா" என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை.

எங்கிருந்து வந்தது? நாலு நாள் காய்ச்சல், வாந்தி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்குகிறது. கிருமி போய்விடும். ஆனால் அந்த நாலு நாளில் வயிறு பழகிக்கொண்ட இறுக்கம் போகாது. கொஞ்சம் வயிறு நிறைந்தாலே ஏதோ அழுத்துவது போல இருக்கும், உணவை மேலே தள்ளினால் அந்த அழுத்தம் குறையும். குறைவதால் உடம்பு மறுபடி அதையே செய்யும். வேறு சில பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு சாவு, பள்ளி மாறியது, பயம் என்று ஏதாவது மனக்கலக்கத்துக்குப் பிறகு தொடங்கலாம். எந்தக் காரணமும் தெரியாமல் தொடங்குவதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரௌன் செக்கார் என்ற பெரிய உடலியல் ஆய்வாளர் இருந்தார். இரைப்பை நீரை ஆராய்வதற்காக, நூலில் கட்டிய பஞ்சை விழுங்கி வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சாப்பிட்டது தானாக வாய்க்கு வரும் பழக்கம் அவருக்கே ஒட்டிக்கொண்டது. நன்றாகப் படித்த, பெரிய ஆளுக்கே வயிறு இப்படி ஒன்றைக் கற்றுக்கொள்கிறது என்றால், 11 வயதுப் பிள்ளையை அடக்காரன் என்று எப்படிச் சொல்வது?

ஏன் இத்தனை மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று உங்களுக்கு ஆதங்கம் இருக்கும், அது நியாயம்தான். அவசரமாக நடக்கிற ஓ.பி.யில் அம்மா, "டாக்டர், வாந்தி எடுக்கிறான்" என்பார். மருத்துவரும் வாந்திக்கான சோதனைகளை எழுதுவார், வாந்திக்கான மாத்திரையைக் கொடுப்பார். குமட்டல் இருக்கிறதா, ஓங்கரிக்கிறானா, எத்தனை நிமிஷத்தில் வருகிறது, வந்தது புளிக்கிறதா இல்லை சாப்பிட்ட ருசியே இருக்கிறதா, தூக்கத்தில் வருகிறதா என்று ஐந்து கேள்வி கேட்டிருந்தால் வழி அங்கேயே திரும்பியிருக்கும். சாப்பிட்ட சில நிமிஷங்களில் வருவது பெரும்பாலும் சாப்பிட்ட ருசியோடுதான் இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் அதை மறுபடி விழுங்கிவிடுகிறார்கள். ஆசிட் தொல்லையில் நெஞ்செரிச்சலும் புளிப்பும் முன்னால் நிற்கும், படுத்தால் கூடும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அழுத்தம் அளக்கும் கருவி கட்டாயமில்லை. ஒரு தட்டுச் சோறும், மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முக்கால் மணி நேரமும் போதும். அந்த நேரம் கிடைக்காததால்தான் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள் என்பது என் எண்ணம்.

அதற்காக, மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்யாமல் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. இரைப்பை-குடல் நோய்களுக்கான சர்வதேச ரோம் அளவுகோல் 2016-இல் திருத்தப்பட்டது. வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு மாதமாவது இது நீடித்திருக்க வேண்டும், தூக்கத்தில் வரக் கூடாது, ஓங்கரிப்பு முன்னால் வரக் கூடாது, வேறு உடல்நோயும் உணவுக் கோளாறும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும் என்கிறது அது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி திறக்காமல் போகும் அக்கலேசியா என்று ஒரு நோய் உண்டு. அதிலும் செரிக்காத உணவு திரும்பி வரும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு விழுங்கவே சிரமம் இருக்கும், படுத்த பிறகும் வரும், இரவில் இருமல் இருக்கும். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிடும். உங்கள் மகனுக்கு அதை எடுத்தார்களா என்று ரிப்போர்ட் கோப்பில் பாருங்கள், எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். எண்டோஸ்கோப்பியில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தார்களா என்பதையும் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் உணவுக்குழாயிலும் ஒவ்வாமை அழற்சி ஒளிந்திருக்கலாம். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பச்சையாகவோ ரத்தமாகவோ வருவது, அடிக்கடி தண்ணீர்த் தாகமும் சிறுநீரும், தோல் கறுத்துப்போவது போன்ற எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் கதையே வேறு, உடனே சொல்ல வேண்டும்.

எடையைப் பற்றி ஒன்று. நாலு கிலோதானே குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்த வயதில் ஒரு பையன் வருஷத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏற வேண்டும். ஏற வேண்டியது ஏறாததையும் சேர்த்தால் இழப்பு ஆறேழு கிலோ வரும். குழந்தை மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தில் பழைய எடை, உயரம் எல்லாவற்றையும் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, ஒரு ஈ.சி.ஜி. ஆகியவை இப்போதைக்குப் போதும். மறுபடி எண்டோஸ்கோப்பி, மறுபடி ஸ்கேன் என்று போக வேண்டியதில்லை. ஒவ்வொரு புதுச் சோதனையும், உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற பயத்தைத்தான் அவனுக்குள் வளர்க்கும்.

சரி, இது மனநோயா? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில், உணவு உண்ணும் கோளாறுகள் என்ற அதிகாரத்தில் இது இருக்கிறது. அனோரெக்சியாவும், மண்ணும் சாக்பீஸும் தின்னும் பைக்காவும் அதே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் உண்டு. இரைப்பை-குடல் மருத்துவர்களும் இதைத் தங்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கிற கோளாறு இது, அதனால்தான் இரண்டு துறையும் கைவிட்டுவிடுகின்றன. உங்கள் மகனுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அவன் மூளையும் வயிறும் சேர்ந்து ஒரு தவறான பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதை மாற்றக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி மனநலத் துறையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்குத்தான். அப்படியிருந்தும் மனநல மருத்துவரிடம் போனால் பிள்ளைக்குக் கிறுக்கு என்று பெயர் வந்துவிடுமோ என்று வீட்டுக்கு வீடு பயப்படுகிறோம். அந்தப் பயத்தில் பிள்ளைகள் இழக்கிற மாதங்களை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அனோரெக்சியா என்ற பயத்துக்கு வருகிறேன். அனோரெக்சியாவில் எடை கூடிவிடும் என்ற பயமும், ஒல்லியாக இருந்தும் குண்டாக இருப்பதாக நினைப்பதும் நடுவில் இருக்கும். அது பையன்களுக்கும் வரும், பெண்பிள்ளை நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. உங்கள் மகன் எடை பார்க்கும் மிஷினில் அடிக்கடி ஏறுகிறானா? கண்ணாடி முன்னால் வயிற்றைப் பிடித்துப் பார்க்கிறானா? ஒளித்து ஒளித்து உடற்பயிற்சி செய்கிறானா? விரலை விட்டு வாந்தி எடுக்கிறானா? இவை எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. மதியம் சாப்பிடாமல் வருகிறான் என்றீர்களே, அதுதான். முதலில் உணவு திரும்பி வந்தது. இப்போது வந்துவிடுமே, பார்த்துவிடுவார்களே என்று பயந்து சாப்பாட்டையே தவிர்க்கத் தொடங்கியிருக்கிறான். எடையைப் பற்றிய கவலை இல்லாமல், பயத்தாலோ உணவின் தன்மை பிடிக்காமலோ பசியே இல்லாததாலோ உணவைச் சுருக்கிக்கொண்டு போகும் இன்னொரு கோளாறு இருக்கிறது, ஆர்ஃபிட் என்பார்கள். உங்கள் மகன் அந்தப் பக்கம் நகர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும், அதற்கு இப்போதே தொடங்க வேண்டும்.

மனநல மருத்துவர் அவனோடு தனியாகப் பேசக் கேட்பார். சம்மதியுங்கள். யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொட்டார்களா, அப்பா இல்லாதது எப்படி இருக்கிறது, இரவில் எதை நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்றெல்லாம் கேட்பார். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுதான் இது. உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம்.

இனி சிகிச்சை. இதன் முதுகெலும்பு ஒரு மூச்சுப் பயிற்சி. கேட்டவுடன் இவ்வளவுதானா என்று தோன்றும், ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் ரூமினேஷனுக்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது இதுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தைக் கீழே இறக்கி மூச்சை இழுக்கும்போது வயிற்றுச் சுவர் தளர்ந்து முன்னால் வந்தே ஆக வேண்டும். தளர்வும் இறுக்கமும் ஒரே தசையில் ஒரே நொடியில் நடக்காது. போதாததற்கு, உணவுக்குழாயின் கீழ் வளையமும் அந்த நேரம் பலமாக மூடிக்கொள்கிறது. தள்ளுவதற்கும் ஆள் இல்லை, கதவும் திறக்கவில்லை, உணவு உள்ளேயே தங்கிவிடும்.

எப்படிச் செய்வது? முதல் வாரம் சாப்பாட்டோடு சேர்க்கவே வேண்டாம். காலையில் வெறும் வயிற்றிலும், இரவு படுக்கும் முன்பும் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளட்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கு வழியாக மெதுவாக, மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுக்க வேண்டும். வயிற்றின் மேல் உள்ள கை எழும்ப வேண்டும், நெஞ்சின் மேல் உள்ள கை அசையக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை வாய் வழியாக மெல்ல விட வேண்டும். நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு மூச்சுக்குள் இருந்தால் போதும். முதல் இரண்டு மூன்று நாள் நெஞ்சுதான் தூக்கும், பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வயிற்றின் மேல் வைத்து, அதை மூச்சாலேயே தூக்கி இறக்கச் சொன்னால் பையன்களுக்குப் பிடித்துவிடும். நீங்களும் பக்கத்தில் படுத்துச் செய்யுங்கள். படுத்துச் செய்வது கைவந்த பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டு. வகுப்பில் உட்கார்ந்து செய்தால் பக்கத்துப் பையனுக்கே தெரியாத அளவுக்குப் பழக வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் உணவோடு சேருங்கள். முழுச் சாப்பாட்டில் தொடங்காதீர்கள். பாதி ஏத்தன்பழம் வேகவைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் அரை டம்ளர் கஞ்சி. கடைசி வாய் உள்ளே போனதும் மூச்சைத் தொடங்க வேண்டும், 15 நிமிஷம் விடாமல் செய்ய வேண்டும். வரப்போகிறது என்று அவனுக்கு ஒரு முன்னறிவிப்பு தெரியும். தொண்டையில் ஒரு உணர்வு, வயிற்றில் ஒரு இறுக்கம், சிலருக்கு ஒரு ஏப்பம். அந்த உணர்வை அடையாளம் கண்டு, அந்த நொடியில் மூச்சை ஆழமாக்கக் கற்பதுதான் முழு வித்தையும். மீறி வாய்க்கு வந்துவிட்டால் துப்ப ஓடாமல் விழுங்கிவிட்டு மூச்சைத் தொடரட்டும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் துப்பத் துப்பத்தான் எடை குறைகிறது. பழத்தில் வெற்றி கிடைத்ததும் இட்லி, பிறகு புட்டும் பயறும், பிறகு சோறும் மீன்கறியும், மரச்சீனியும் என்று ஏறலாம். எந்த உணவில் அதிகம் வருகிறதோ அது கடைசி.

இதை ஒரு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ நேரில் சொல்லிக்கொடுத்து, அவர் முன்னால் ஒரு வேளை சாப்பிட வைத்து, எங்கே தவறுகிறது என்று திருத்துவதுதான் சரியான முறை. நான் எழுதியதை அதுவரை தொடங்கி வைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகச் செய்கிற பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் குறையத் தொடங்கும். தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா முடிந்த களைப்பு என்று வந்தால் கொஞ்ச நாள் திரும்பவும் வரலாம். அப்போது பயிற்சியைக் கூட்டினால் போதும், எல்லாம் போச்சு என்று உட்கார வேண்டாம். வீட்டில் செய்து முடியாத, எடை வெகுவாகக் குறைந்த பிள்ளைகளை மருத்துவமனையில் சேர்த்து, குழந்தை மருத்துவர், உளவியலாளர், உணவியல் நிபுணர் சேர்ந்து சில வாரம் பயிற்சி கொடுக்கும் முறையும் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வேலை, பார்க்காமல் இருப்பது. கஷ்டம்தான், ஒரு வருஷமாகப் பயந்து பயந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அவை. ஆனால் அந்தப் பார்வை பட்டதும் அவன் வயிறு இறுகும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், பள்ளிக் கதை, கிரிக்கெட், எதுவானாலும் பேசுங்கள். வந்ததா, வந்ததா என்று கேட்க வேண்டாம். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை ஆறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். எடை ஏற வேண்டும், ஆகவே உளுந்தங்கஞ்சியில் தேங்காய்ப்பால், முட்டை, நெத்திலி, நிலக்கடலை என்று கொஞ்சத்தில் நிறையச் சத்து இருப்பவை நல்லது. கேஸ் அடைத்த குளிர்பானம் வேண்டாம். வேறு பத்தியம் ஒன்றும் தேவையில்லை. வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். வாரம் ஒருநாள், ஒரே மிஷினில் எடை பாருங்கள், எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். பல்லுக்கு ஆசிட் பட்டுக்கொண்டிருப்பதால் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வந்த பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளிக்கட்டும், உடனே பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது.

அவன் அப்பாவுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரிடம் நான் சொல்ல விரும்புவது: அண்ணா, கடல் தாண்டி இருந்து பிள்ளையை நினைத்து நீங்கள் படும் பாடு கோபமாக வெளியே வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அடித்தால் அவன் வயிறு இன்னும் இறுகும், இன்னும் வரும். அவன் வேண்டுமென்றே செய்தால் அடிக்குப் பயந்து நிறுத்தியிருப்பான், நிறுத்த முடியாததே அது அவன் கையில் இல்லை என்பதற்குச் சாட்சி. தினமும் வீடியோ காலில் அவனோடு பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். சாப்பாட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். அங்கிருந்து நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

தொக்கம் எடுப்பதைப் பற்றி மாமியாரிடம் பொறுமையாகப் பேசுங்கள். அவர் பேரன் மேல் உள்ள பாசத்தில் செய்தது, அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் வாந்தி எடுக்க வைக்கிற எதுவும் இனி வேண்டாம். எதை மறக்க வைக்க வேண்டுமோ அதையே மறுபடி மறுபடி பழக்கிக் கொடுப்பதாகும். வயிற்றைத் தடவி அமுக்குவதும் இப்போதைக்கு வேண்டாம். நேர்ச்சை, ஜெபம், கோவில் போவது எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவனை முன்னால் நிறுத்தி, ஊரே கேட்க அவன் நோயைச் சொல்லி வேண்டாமல் இருந்தால் சரி.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். ஆசிட் மாத்திரை நெஞ்செரிச்சலைக் குறைக்கும், உணவு மேலே வருவதை நிறுத்தாது. வாந்தி மாத்திரை டாம்பெரிடோன் என்றால் அதை முதலில் கேளுங்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஏழெட்டு மாதம் என்பது மிக அதிகம், ஈ.சி.ஜி. கேட்டது இதற்காகவும்தான். பயிற்சி பலிக்காதவர்களுக்கு பேக்லோஃபென் என்ற மருந்தைச் சிலர் முயல்கிறார்கள், அதுவும் பெரியவர்களிடம்தான் அதிகம் ஆராயப்பட்டது. உங்கள் மகனுக்கு இப்போது அந்தப் பேச்சு தேவையில்லை.

பள்ளியில் வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் தனியாகப் பாருங்கள். மருத்துவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டு போனால் நல்லது. அவனை மதியம் மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்க வேண்டாம், சாப்பிட்ட பிறகு 15 நிமிஷம் அமைதியாக ஓரிடத்தில் இருக்க விட வேண்டும், "மாடு" என்ற அந்தப் பெயர் வகுப்பில் ஒலிக்கக் கூடாது. இந்த மூன்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நோயின் பெயரும் அசைபோடுவதில் இருந்து வந்ததுதான், அதனால் அவனிடம் பேசும்போது அந்தப் பெயரை எடுக்காமல் "வயிறு இறுகுற பழக்கம்" என்றே சொல்லுங்கள்.

யாரிடம் போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. முதலில் குழந்தை மருத்துவர், அவர் கடிதத்தோடு மனநலப் பிரிவு. குழந்தைகள் இரைப்பை-குடல் நிபுணரின் கருத்து தேவைப்பட்டால் திருவனந்தபுரம் எட்டாத தூரமில்லை. அதற்கும் மேல் தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அந்தத் தூரம் போக வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை. நடுராத்திரி உங்களுக்கே மனசு தாங்காமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தலைசுற்றி விழுந்தால், விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போனால், தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால், ரத்தம் வந்தால், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பல நாள் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து, ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும். அந்த நிலையில் உணவை ஏற்றுவது மருத்துவமனையில் வைத்துத்தான்.

நான் வளர்த்ததில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கவனிப்பே இல்லாமல் விடப்பட்ட கைக்குழந்தைகளுக்கும், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கோளாறு வருவதாகப் பழைய மருத்துவ நூல்கள் எழுதி வைத்ததால்தான் தாய்மார் மேல் இந்தப் பழி விழுந்தது. நன்றாக வளர்கிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும் வருகிறது என்று பிறகு தெளிவாகத் தெரிந்துவிட்டது. எத்தனை நிமிஷத்தில் வருகிறது, எப்போது வருவதில்லை என்றெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியவர் நீங்கள். எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்ததே அந்தக் கவனிப்புதான்.

இப்போதிலிருந்து ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷத்தில் முதலில் வந்தது, மொத்தம் எத்தனை தடவை, விழுங்கினானா துப்பினானா, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். அவன் சம்மதித்தால் மட்டும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனில் பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். நோட்டு, வீடியோ, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் அட்டை, கையில் கொஞ்சம் சாப்பாடு, இவற்றோடு போங்கள். அந்தச் சாப்பாட்டை மருத்துவர் முன்னால் அவன் சாப்பிட வேண்டிவரும், அதை அவனிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.